ஓடைக்கரையில் காட்டுயிர் பார்க்கும் குடில்: இடம் முதலில், வரைபடம் பிறகு

கேள்வி: கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கு அருகே எங்களுக்கு இரண்டரை ஏக்கர் காப்பித் தோட்டம் உள்ளது. நிலம் தெற்கிலிருந்து வடக்காகச் சரிகிறது. மேலே வீடு. வடக்கு எல்லையில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஓடை, அதற்கு அப்பால் காடு. காட்டுமாடு, கேளையாடு, மலையணில், பலவகைப் பறவைகள் வருகின்றன. நானும் மனைவியும் பணி ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர்கள். உட்கார்ந்து பார்க்கவும் குறிப்பெடுக்கவும், எப்போதாவது மாணவர்களை அழைத்து வரவும் ஒரு குடில் கட்ட விரும்புகிறோம். 12க்கு 16 அடி, மேற்கு பார்த்து முழுக் கண்ணாடிச் சுவர், முன்னால் மரத்தளம், ஓரத்தில் சிறு அடுப்படி, கழிப்பறை என்று வரைந்து அனுப்பியிருக்கிறேன். எங்கள் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தையே பயன்படுத்தலாமா? விலங்குகள் வர உப்புக்கட்டி வைக்கலாமா?

பதில்:

ஐயா, நீங்கள் வரைந்திருப்பது நல்ல விருந்தினர் அறை. அதில் இருந்து பார்த்தால் மாலை வெயிலும் மரங்களும் தெரியும், விலங்குகள் தெரியாது. சமைக்கும் இடமும் தங்கும் இடமும் மேலே வீட்டிலேயே இருக்கட்டும். குடிலில் உட்காரவும் எழுதவும் மட்டும் வசதி போதும். இந்த ஒரு முடிவை எடுத்துவிட்டால் அளவு பாதியாகும், செலவு குறையும், வாசனை, சத்தம், வெளிச்சம் ஆகிய மூன்று தொல்லைகளில் பெரும்பகுதி கட்டுவதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

முதலில் காற்று. காட்டுமாடும் கேளையாடும் கண்ணைவிட மூக்கை நம்புபவை. மலைச்சரிவில் காற்று ஓர் ஒழுங்கில் நகர்கிறது. வெயில் ஏறி நிலம் சூடானதும் சரிவில் மேல்நோக்கி எழும். பொழுது சாய்ந்து நிலம் குளிர்ந்ததும் கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கி, ஓடைப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நீரோடும் திசையிலேயே போகும். விலங்குகள் நடமாடும் விடிகாலையிலும் அந்தியிலும் இருப்பது இந்த இறங்கு காற்றுதான். வரைபடத்தில் உள்ளபடி சரிவின் நடுவில் குடில் அமைந்தால், உங்கள் வாடை நேராக ஓடைக்கரைக்கு இறங்கும். விலங்கு வந்து திரும்பிப் போனதே உங்களுக்குத் தெரியாது.

ஆகவே குடிலை நிலத்தின் வடகிழக்கு மூலைக்கு, ஓடையின் கீழ்ப்புறத்துக்குக் கொண்டு போங்கள். பார்க்கும் சுவர் வடமேற்கு நோக்கட்டும். கண் ஓடையின் மேல்போக்கைப் பார்க்கும், வாடை உங்கள் முதுகுப்பக்கமாகக் கிழக்கே போய்விடும். காலையில் சூரியன் பின்னாலிருந்து வருவதால் எதிரே உள்ள உயிரினத்தின் மேல் வெளிச்சம் விழும், உங்கள் கண் கூசாது. உங்கள் பகுதிக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. அது பக்கச்சுவரில் அடிக்குமே தவிர பார்வைத் துளைக்குள் நேராக அடிக்காது. மே, ஜூன் மாலைகளில் மட்டும் சூரியன் சற்று வடக்கே தள்ளி மறைவதால் இடப்புறத்திலிருந்து கூசும். அந்தப் பக்கம் உள்ள மரங்களை வெட்டாமல் விட்டாலே அது பெரும்பாலும் மட்டுப்படும்.

இதை நான் சொன்னதற்காக நம்ப வேண்டாம். அந்த மூலையில் ஏழு நாள், காலை 6 மணி, 9 மணி, மாலை 4 மணி, 6 மணி என நான்கு நேரம் ஓர் ஊதுபத்தியைத் தரையிலிருந்து நான்கடி உயரத்தில் பிடித்து, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று எழுதுங்கள். ஓடை வளைவுகளிலும் பாறை முகடுகளிலும் காற்று சுழலும், பத்தடி தள்ளினால் திசை மாறும். காலை, மாலைப் புகை தொடர்ந்து ஓடையின் மேல்போக்குப் பக்கமாகவே போனால் அந்த இடம் ஆகாது, தள்ளிப் பாருங்கள்.

அதே வாரத்தில் தடங்களையும் வரைந்துகொள்ளுங்கள். காட்டுமாடு ஓடையில் இறங்கும் வழி, முள்ளம்பன்றி கிளறிய இடம், சாணம், உராய்ந்து பட்டை வழுவழுப்பான மரம் எல்லாம் தாளில் வரட்டும். குடில் எந்தத் தடத்தின் மேலும் உட்காரக் கூடாது. முக்கியமான தடத்துக்கு 60 முதல் 80 அடி தள்ளியிருப்பது நல்லது. ஓடையிலிருந்து குறைந்தது 50 அடி. வெள்ளம் வந்த ஆண்டுகளில் கிளைகளில் சிக்கி நிற்கும் சருகு, குச்சிகளைத் தேடினால் பழைய வெள்ளமட்டம் தெரியும். தளம் அதைவிட மூன்றடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். ஓடைப் புறம்போக்கு எங்கே முடிகிறது என்பதை நில அளவையரைக் கொண்டு கல் நட்டுப் பார்த்த பிறகே கயிறு பிடியுங்கள்.

இனி கட்டடம். உள்ளளவு 8க்கு 10 அடி, 10 அடிச் சுவர் பார்வைப் பக்கம். இரண்டு பேர் தாராளமாக, மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். மாணவர்கள் வந்தால் ஒரு தடவைக்கு இருவர்தான். நால்வரை உள்ளே விட்டால் அன்றைக்கு நாற்காலிச் சத்தத்தைத்தான் படிக்க முடியும்.

கால் நட்டு உயர்த்திய மரத்தளம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பலகைத் தளம் ஒவ்வொரு அசைவுக்கும் முனகும். தளத்துக்குக் கீழே பாம்பும் எலியும் தங்கும். கீழ்ப்பழனியில் யானை நடமாட்டமும் உண்டு, யானை தோளைக் கொடுத்தால் உயரக் கால்கள் நிற்காது. அதற்குப் பதிலாக உள்ளூர்க் கருங்கல்லில், சரிவின் மேல்பக்கத்தில் தரைக்கு ஓரடி உயரும்படி பீடம் கட்டி, உள்ளே செம்மண் நிரப்பி நனைத்து இடித்து, மேலே மூன்று அங்குலம் சுண்ணாம்பு கலந்த செம்மண் தளம் போடுங்கள். அதன்மேல் தடித்த தென்னைநார்ப் பாய். காலடியே கேட்காது. தெற்குப் பக்கம், பீடத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஓரடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி மழைநீரைக் கிழக்கே திருப்பிவிடுங்கள். இதை விட்டால் முதல் ஐப்பசி மழையிலேயே தளம் ஊறிவிடும்.

சில்வர் ஓக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பலகைக்கு ஆகும், தூணுக்கு ஆகாது. அது கரையானுக்கும் துளைப்பான் வண்டுக்கும் எளிதில் இரையாகும் மரம். நான்கு அங்குலச் சதுரத் தூண்கள் ஆறும் தேக்கிலோ வேங்கையிலோ இருக்கட்டும். அறுவைக்கடையில் பழைய வீட்டு மரம் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏற்கெனவே நன்றாகக் காய்ந்திருக்கும். எந்தத் தூணையும் மண்ணில் புதைக்காதீர்கள். பீடத்தில் பதித்த, தூணின் அடியைப் பிடித்து நிறுத்தும் துத்தநாகப் பூச்சு இரும்புக் காலணியில், கல்லுக்கும் மரத்துக்கும் இடையே நான்கு அங்குலம் வெளி விட்டு நிறுத்துங்கள். கரையான் ஏறினால் மண்குழாய் கட்டித்தான் ஏறும். அந்த வெளியில் அது கண்ணில் படும், துடைத்துவிடலாம். புதைத்த தூணில் உள்ளே தின்று தீர்த்த பிறகுதான் தெரியவரும்.

சுவர்ப் பலகைக்கு முக்கால் அங்குலத் தடிப்பு போதும். அறுத்த பச்சைப் பலகையை 100 லிட்டர் நீரில் 3 கிலோ வெண்காரமும் 2 கிலோ போரிக் அமிலமும் கரைத்த தொட்டியில் ஒரு நாள் ஊறவைத்து, எடுத்து நெருக்கமாக அடுக்கி, தார்ப்பாயால் மூடி மூன்று வாரம் வையுங்கள். மருந்து ஈர மரத்துக்குள்தான் ஊடுருவும். காய்ந்த பலகையில் மேலே பூசினால் தோலளவில் நின்றுவிடும். மூன்று வாரத்துக்குப் பின் நிழலில், இடையே குச்சி கொடுத்து அடுக்கிக் காயவிடுங்கள். இந்த மருந்துக்கு ஒரு குறை உண்டு, மழையில் கரைந்து வெளியேறும். எனவே வெளிமுகத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் இரண்டு பூச்சு அவசியம். கையுறை இல்லாமல் அதைத் தொடக் கூடாது, தோல் வெந்து கொப்பளிக்கும். வாடை போகச் சில வாரம் பிடிக்கும். பலகைகளை மேலொன்று கீழொன்றாக ஒன்றரை அங்குலம் கவித்து அடித்தால் காய்ந்து சுருங்கினாலும் இடுக்கில் வெளிச்சம் தெரியாது.

கூரைக்கு ஓடு போட்டால் குரங்கு பிரிக்கும். புல் வேய்ந்தால் அழகுதான், ஆனால் கோடைத் தீயும் எலியும் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை மாற்றவும் ஆள் வேண்டும். வண்ணம் பூசிய தகர ஷீட்டே நடைமுறைக்கு ஏற்றது. பளபளப்பில்லாத அடர்பச்சை அல்லது பழுப்பு. 12 அடி நீளத்தில், ஒவ்வொன்றும் மூன்றேகால் அடிக்குக் குறையாமல் மூடும் நான்கு ஷீட் போதும். முன்னால் இரண்டரை அடி, பின்னால் ஓரடி இறவாணம் நீளும். சரிவு பின்பக்கமாக இருக்க வேண்டும். உள்ளுயரம் முன்னால் ஏழேமுக்கால் அடி, பின்னால் ஆறரை அடி. முன்பக்கம் சரித்தால் துளைக்கு எதிரே தண்ணீர்த் திரை விழும், மழை விட்ட பிறகும் அரைமணி சொட்டும். ஷீட்டில் இரண்டு சத்தம் உண்டு. மழைச் சத்தத்தைக் குறைக்க, கீழே இரண்டு அங்குலம் வெளி விட்டு மூங்கில் பாய்ப்பலகை அடிக்கலாம். இன்னொன்று, காலை வெயிலில் தகரம் விரியும்போது வரும் சொடக்குச் சத்தம். திருகாணித் துளையைத் திருகைவிடச் சற்றுப் பெரிதாகப் போட்டு, ரப்பர் வாசர் வைத்து, இறுக்கி நசுக்காமல் முடுக்கினால் அது பெருமளவு நிற்கும்.

இப்போது கண்ணாடிச் சுவர். அது பறவைகளைக் கொல்லும். கண்ணாடியில் தெரியும் மரத்தை மரமென்றே நம்பி வந்து மோதும். விடிகாலையில் உங்கள் மூச்சுக்காற்றே அதில் பனித்திரை போடும். தொலைநோக்கியோ கேமராவோ கண்ணாடி வழியே தெளிவை இழக்கும். எல்லாவற்றையும்விட, பின்சுவரில் ஒரு சன்னல் இருந்தாலே போதும், உங்கள் உருவம் வெளியே நிழலாட்டமாய்த் தெரியும். குடில்களில் அதிகம் காணும் பிழை இதுதான். எதிரெதிர்ச் சுவரில் திறப்பு வைத்தால், மறைந்திருப்பதாக நினைப்பவர் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே திறப்பு வடமேற்குச் சுவரில் மட்டும். உட்புறம் முழுவதும் பளபளப்பற்ற கரும்பழுப்பு. காற்றோட்டத்துக்குப் பக்கச்சுவர்களின் உச்சியில், நேர்வெளிச்சம் நுழையாதபடி உள்ளே மடங்கிய பெட்டித் துளைகள், வலையடித்து.

பார்வைத் துளை மூன்று. ஒவ்வொன்றும் இரண்டரை அடி அகலம், எட்டு அங்குல உயரம், நடுவே அரையடி மறைப்பு. 17 அங்குல உயரப் பலகை இருக்கையில் அமர்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 46 முதல் 48 அங்குலத்தில் இருக்கும். ஆகவே துளையின் அடிவிளிம்பு 42 அங்குலம், மேல்விளிம்பு 50. நீங்கள் இருவரும் உட்கார்ந்து அளந்து பார்த்து, உயரம் குறைந்தவரின் கண்ணுக்குத் துளையை வைத்துக்கொள்ளுங்கள். உயரமானவர் சற்றுக் குனிந்து பார்க்கலாம், குட்டையானவர் கழுத்தை நீட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் இருக்க முடியாது. கண்ணைத் துளைக்கு ஓரடி பின்னால் வைத்தால், சுவருக்கு முன்னே ஏறத்தாழ ஒன்பது அடிவரை தரை தெரியாது. பறவைத் தொட்டியை வைக்கும்போது இது நினைவிருக்கட்டும்.

துளைக்கு இரண்டு அங்குலம் கீழே பத்து அங்குல அகலத்தில் முழங்கை ஊன்றும் பலகை. கேமராவைச் சுவரில் பொருத்திய தாங்கியில் வையுங்கள். இருக்கையோடு இணைத்தால் பக்கத்தில் இருப்பவர் கால் மாற்றினாலும் படம் ஆடும். மூடுபலகை கீலில் திறப்பதாக இருக்கக் கூடாது, அந்த வீச்சே வெளியே தெரியும். பக்கவாட்டில் நகரும் பலகையாக, கம்பளித்துணி ஒட்டிய தடத்தில் ஓடட்டும். உள்தாழ்ப்பாள் அவசியம். குரங்குகள் ஒரே வாரத்தில் திறக்கக் கற்றுக்கொள்ளும். திறந்த துளையில் கருப்புக் கொசுவலையை இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டு, லென்ஸ் நுழையும் அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். முகமும் கையசைவும் மறையும். படமெடுக்க ஆசையிருந்தால் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பத்து அங்குலச் சதுரத்தில் இன்னொரு துளை, துணிக்குழாய் தைத்து. பாயில் உட்கார்ந்தே எடுக்கலாம்.

கதவு பின்சுவரில், ஆறடி உயரம், உள்ளே தடித்த கருந்திரை. முதலில் நுழைந்து கதவைச் சாத்தி, பிறகே திரையை விலக்க வேண்டும். கதவின் கீழ் இடுக்கைத் துடைப்ப நார் வைத்து அடைத்தால் தேளும் பாம்பும் நுழைவது குறையும். கீலுக்குத் தேங்காயெண்ணெய் போடாதீர்கள், எறும்பு வரும். வாஸ்லின் போதும். வீட்டிலிருந்து இறங்கும் பாதையின் கடைசி 60 அடியில் ஓடைப் பக்கமாக உயிர்வேலி வேண்டும். உண்ணிச்செடி தானாக வளரும் என்று விட்டுவிடாதீர்கள், அது காட்டுக்குள் பரவிச் சோலைச் செடிகளை நெருக்கும். உங்கள் ஓடைக்கரையில் ஏற்கெனவே உள்ள நாட்டுப் புதர்களில் இருந்து போத்து எடுத்து நடுங்கள். பாதையில் சருகு சேராமல் பெருக்கி வைத்தால் காலடிச் சத்தம் பாதியாகும்.

உப்புக்கட்டி வேண்டாம், ஐயா. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இரை வைத்து ஈர்ப்பதையும் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. உங்கள் நோக்கம் நல்லதுதான், ஆனால் உப்புக்குப் பழகிய காட்டுமாடு உங்கள் குடிலோடு நிற்காது, பக்கத்துத் தோட்டத்துக் களத்துக்கும் வரும். அங்கே ஒரு கூலித்தொழிலாளி குத்துப்பட்டால் அதற்கு யார் பதில் சொல்வது? ஒரே இடத்தில் பல விலங்குகள் நக்கினால் நோயும் பரவும். அதே காரணத்துக்காக அரிசி, உப்பு, பலாப்பழம், வாழை எதையும் குடிலில் வைக்காதீர்கள். யானை சுவரைப் பிரித்து எடுக்கும். கழிப்பறையும் வேண்டாம், சிறுநீரின் உப்பே விலங்குகளை இழுக்கும். மூடியுள்ள ஒரு கேன் வைத்திருந்து வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

பறவைகளுக்கு மட்டும் சிறு நீர்த்தொட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடு உண்டு, ஒழுங்காகப் பராமரிப்பதாக இருந்தால். துளையிலிருந்து 23 அடி தூரத்தில், நான்கடிக்கு மூன்றடி. விளிம்பில் ஓர் அங்குலம், நடுவில் மூன்று அங்குல ஆழம். சொரசொரப்பான சிமென்ட் அல்லது தட்டைக்கல். வழவழப்பான பீங்கானில் சின்னான் போன்ற சிறு பறவை கால் ஊன்ற முடியாது. மேலே கிளையில் 20 லிட்டர் கேன் கட்டி, நொடிக்கு ஒரு சொட்டு விழும்படி வால்வை வைத்தால் சத்தத்துக்கே பறவை வரும். இரண்டு நாளுக்கொருமுறை தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். விட்டால் கொசுப்புழுவும் நோயும்தான் மிஞ்சும். பூனை பதுங்காதபடி சுற்றிலும் ஆறடிக்குப் புதர் இருக்கக் கூடாது. அதற்கு அப்பால் ஒதுங்க ஒரு சாய்ந்த கிளை இருக்க வேண்டும். குளிர்காலத்தில் ஆறுமணிக்குருவி உங்கள் பகுதிக்கு வரும். அது தொட்டிக்கு வருவதைவிட, குடிலுக்கு எதிரே சருகைக் கூட்டாமல் விட்ட இடத்தில் கிளறுவதற்கே வாய்ப்பு அதிகம். ஆகவே பாதையில் மட்டும் பெருக்குங்கள், எதிரே உள்ள சருகைத் தொடாதீர்கள். சீகாரப் பூங்குருவி ஓடைப் பாறையை விட்டு வராது, அதற்கு ஓடையே போதும்.

நேரம் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்தியில் நன்றாகத் தெரியும் என்று இருட்டும்வரை உட்கார்ந்தால், இருட்டில் காட்டுமாட்டுக்கும் யானைக்கும் நடுவே வீட்டுக்கு ஏற வேண்டிவரும். மாலையில் மூன்றரைக்கு நுழைந்து, பாதை தெளிவாகத் தெரியும்போதே கிளம்புங்கள். காலையில் வெளிச்சம் வந்த பிறகே இறங்குங்கள். இரவைத் தானியங்கி கேமராவிடம் விட்டுவிடலாம். அதை உங்கள் நிலத்துக்குள், தடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, ஒன்றரை அடி உயரத்தில், தடத்துக்குச் சாய்வாக, வடக்கு அல்லது தெற்கு நோக்கிக் கட்டுங்கள். கிழக்கு, மேற்கு பார்த்தால் வெயிலே அதைத் தூண்டிவிடும். முன்னால் ஆடும் புல்லையும் நறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆயிரம் புல் படம் கிடைக்கும். வைப்பதற்கு முன் வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

படிப்புக்காகக் கட்டுகிறீர்கள் என்பதால் இதையும் சேர்த்துச் செய்யுங்கள். துளையிலிருந்து 30, 50, 80 அடியில் அடையாளக் கல் வையுங்கள். ஓடைக்கரை மரம் ஒன்றில் இரண்டடி, நான்கடி, ஆறடி உயரங்களில் மங்கலான பழுப்புக் கோடு போடுங்கள். இவற்றைக் காட்டும் படத்தை முழங்கைப் பலகையில் ஒட்டிவிட்டால் தூரத்தையும் உயரத்தையும் மாணவர்களும் கணிக்கலாம். அமர்வு எப்போதும் இரண்டு மணி நேரம், பத்து நிமிடத்துக்கு ஒரு வரி. இனம், எண்ணிக்கை, ஆண் பெண் குட்டி, வந்த திசை, போன திசை, செய்த வேலை, வானிலை, மனிதத் தொந்தரவு என்று பத்திகள். ஒன்றும் வராத பத்து நிமிடத்துக்கும் வரி உண்டு. வந்ததை மட்டும் எழுதிய குறிப்பேட்டை வைத்து, எந்த மாதத்தில் கேளையாடு குறைந்தது என்று பிற்பாடு சொல்ல முடியாது.

கட்டுமுன் மூன்று இடங்களில் கேட்டுவிடுங்கள். கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. ஓடைக்கு அப்பால் உள்ளது சரணாலயமா, காப்புக்காடா, அதன் எல்லை விதிகள் உங்கள் புல எண்ணைத் தொடுகின்றனவா என்று வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் வருவாய்க் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருந்தால், இவ்வளவு சிறிய கட்டடத்துக்கும் என்ன அனுமதி வேண்டும் என்று ஊராட்சியில் கேளுங்கள். சில்வர் ஓக்கை வெட்டுமுன் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, சொந்த நிலத்து மரம் என்பது விலக்காகாது.

அனுமதி கிடைத்தால் வேலையைத் தை மாதத்தில் தொடங்குங்கள், பருவமழை ஓய்ந்திருக்கும். பலகை ஊறவைக்கும் வேலையை அதற்கு முன்பே வீட்டருகில் தொடங்கிவிடலாம். இடத்தில் அறுக்காமல், சட்டங்களை மேலேயே அளந்து அறுத்து இறக்கினால் ஓடைக்கரையில் ஆள் நடமாடும் நாட்கள் குறையும். கூடு வைத்த புதர் இருந்தால் குஞ்சு பறக்கும்வரை அந்தப் பக்கம் கை வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் நான்கு வாரம் யாரும் உட்காராமல் விடுங்கள். அந்த நாட்களில் துளைகளைத் திறந்தே வைத்து, வலை வெட்டில் ஒரு கருப்புப் பிளாஸ்டிக் பாட்டிலை லென்ஸ் போல நீட்டி வையுங்கள். பறவைகள் அதற்குப் பழகிவிடும். பிறகு நீங்கள் பாட்டிலை எடுத்துவிட்டு அதே இடத்தில் லென்ஸை வைக்கும்போது மெதுவாக வைத்தால் போதும்.